ரெண்டு விசில்

அந்தக் காய வைக்கிற மெசின்ல போடாதீங்க தம்பி. அது சும்மா சுத்தும், சூடு வராது. காசை முழுங்கிட்டு ஈரத்துணியவே திருப்பிக் குடுக்கும். இங்கிட்டு வாங்க, இதுல போடுங்க. நாப்பது நிமிசம் ஆகும். அந்த சேரை இழுத்துப் போட்டு ஒக்காருங்க.

தமிழ் ஆளுன்னு எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்குறீங்களா? நேத்து சாயந்தரம் நீங்க உங்க வீட்டு வண்டிய இந்த பார்க்குக்குள்ள விடும்போதே பாத்துட்டேன். இங்க உள்ளவங்க எல்லாரும் ரிவர்ஸ்ல வந்துதான் நிறுத்துவாங்க. நீங்க ஒருத்தர்தான் மூக்கை உள்ள விட்டு நிறுத்தியிருக்கீங்க. கரண்டுப் பெட்டி அங்கிட்டு இருக்கு, உங்க வயரு இங்கிட்டு இருக்கு. அப்புறம் உங்க வீட்டம்மா இறங்கி வந்து, "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னாங்க பாருங்க. அதைக் கேட்டதும் உறுதியாயிருச்சு.

நேத்தே வந்து பேசியிருப்பேன். அலுப்பு. வேலை செஞ்ச அலுப்புன்னா படுத்து எந்திரிச்சாப் போயிரும். இது சும்மா இருக்குற அலுப்பு தம்பி. இது படுத்தாலும் போகாது, எந்திரிச்சாலும் போகாது.

என் பேரு பூமிநாதன். ஊரு வாடிப்பட்டிப் பக்கம். அரசு பஸ் டிரைவர். மதுரை–நாகர்கோவில் ரூட்ல முப்பத்திரெண்டு வருசம். ஒரு ஆக்சிடென்ட் கிடையாது. ஒரு ஆட்டுக்குட்டியக் கூட இடிச்சதில்ல. நான் சும்மா சொல்லல, கலெக்டர் கையால சர்டிபிகேட் வாங்கியிருக்கேன். போன்ல இருக்கு, காட்டுறேன். இந்தா... கண்ணாடி இல்லாம தெரிய மாட்டேங்குது. அப்புறம் காட்டுறேன்.

அப்படிப்பட்ட ஆளைக் கொண்டாந்து நகராத வண்டியில குடி வெச்சா எப்படி இருக்கும்னு நீங்களே சொல்லுங்க.

மகன் பேரு செழியன். பக்கத்து ஊர்ல ஒரு பேக்டரியில மெசின் மாட்டுற வேலை பாக்குறான். காண்ட்ராக்ட். ஒரு ஊர்ல எட்டு மாசம், இன்னொரு ஊர்ல ஒரு வருசம்னு போய்க்கிட்டே இருக்கணும். ஒவ்வொரு ஊருக்கும் வீடு தேடி மாள முடியலன்னு வீட்டையே வண்டியா வாங்கிட்டான். அடுப்பு, கட்டிலு, கக்கூசு எல்லாம் உள்ளயே. "அப்பா, அம்மாவக் கூட்டிட்டு வாங்க, வண்டியிலயே ஊர் சுத்திப் பாக்கலாம்"னான். நானும் நம்பி வந்தேன். ஏப்ரல்ல வந்தது. இப்ப செப்டம்பர் முடியப் போகுது. இந்த மாதிரி வீட்டு வண்டிங்க நிக்கிற பார்க்ல எடத்தை வாடகைக்குப் பிடிச்சு, வண்டிக்கு மூணு குழாயச் சொருகி வெச்சிருக்கான், கரண்டுக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு, சாக்கடைக்கு ஒண்ணு. பெரியாஸ்பத்திரியில படுத்துக் கெடக்குற ஆளு மாதிரி கெடக்கு. சுத்தி மரம். எந்தப் பக்கம் பாத்தாலும் மரம். மரத்தை எத்தனை நாளைக்குத் தம்பி பாக்குறது? ரோடு மட்டும் இல்லாட்டி எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும்.

அந்தா, கேட்டுச்சா? லாரி. ஏத்தத்துல வாறான். இப்பக் கியரைக் குறைக்கணும்... குறைக்கணும்... ம், குறைச்சுட்டான். லேட்டு.

ஆறு மாசத்துல இந்த வண்டி மொத்தமே அறுவது அடிதான் நகர்ந்திருக்கு. பதினாலாம் நம்பர்ல இருந்து ஒம்பதாம் நம்பருக்கு. அதையும் நகர்த்துனது நான்தான். அதோட சாவிய ஒளிச்சு வெச்சுட்டான் தம்பி. என் மகன். பெத்த அப்பனுக்குத் தெரியாம சாவிய ஒளிச்சு வெச்சிருக்கான். நான் என்ன குடிகாரனா? மூணு மாசமாத் தேடுறேன். அரிசி டப்பாக்குள்ள கைய விட்டுப் பாத்துட்டேன், அவன் பனியனை எல்லாம் உதறிப் பாத்துட்டேன். கேட்டா, "எதுக்குப்பா இப்ப அது"ங்குறான். எதுக்குன்னா என்ன? ஓட்ட வேணாம், சும்மா ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிசம் ஒக்காந்திருப்பேன். இஞ்சின் சத்தம் கேட்டா மனசுக்கு ஆறுதலா இருக்கும்.

இது யாரு சேலைன்னு பாக்குறீங்களா? எங்க வீட்ல உள்ளவளோடது. பஞ்சவர்ணம்னு பேரு. அவளுக்குக் கால் முடியல. அதனால துணி துவைக்குறது, பாத்திரம் கழுவுறது, சமையல்ல பாதி, எல்லாம் நம்ம தலையில. முப்பத்தெட்டு வருசத்துல ஒரு டம்ளரை எடுத்துக் கழுவுன ஆளு இல்ல நான். இப்பச் சும்மாதானே இருக்கோம், பொழுது போகணும்ல, அதான்.

காலுக்கு என்னன்னா... அது அந்த வெர்னன் பண்ணுன வேலை. வெர்னன்னு ஒருத்தன், பத்தாம் நம்பர்ல இருக்கான். வெள்ளைத் தாடி, நாய் வெச்சிருப்பான், பாத்திருப்பீங்க. அவனும் நம்ம இனந்தான். நாப்பது வருசம் லாரி ஓட்டுனவன். ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்தோம். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவன் இங்கிலீஸ் புரியாது. ஆனா ரோட்ல லாரி போகும்போது ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திரும்பிப் பாப்போம். அது போதும்ல? பிரேக் சத்தம் மோசமா இருந்தா அவனும் உச்சுக் கொட்டுவான், நானும் உச்சுக் கொட்டுவேன். இப்பப் பேச்சு வார்த்தை இல்ல.

என்ன நடந்துச்சுன்னா, ஜூன் மாசம். எங்க வண்டி பதினாலாம் நம்பர்ல நிக்குது. அதுக்கு மேல ஒரு பெரிய மரம், கிளை காஞ்சு தொங்குது. காலையில இந்த பார்க் நடத்துற அம்மா வந்து கையக் கையக் காட்டிச் சொல்லுது. மகனுக்குப் போன் போட்டுக் குடுத்தோம். அவன், "மரம் வெட்ட ஆள் வருதாம்பா, வண்டிய ஒம்பதாம் நம்பருக்கு மாத்தணுமாம். அஞ்சு மணிக்கு நான் வந்து மாத்துறேன், சொல்லிட்டேன்"ங்குறான். அறுவது அடிக்கு அஞ்சு மணி வரைக்குமா? நான் படியில தொங்குற கூட்டத்தை ஏத்திக்கிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குள்ள ரெண்டு வண்டிக்கு நடுவுல, ஒரு சாண் இடைவெளியில ரிவர்ஸ் எடுத்த ஆளு. நான் அஞ்சு மணி வரைக்கும் காத்திருக்கணுமாம்!

எங்க வீட்ல உள்ளவ சொல்லத்தான் செஞ்சா. "பையன் வரட்டுங்க. இந்த ஊரு வண்டி. ஸ்டீரிங்கே மாத்தியில்ல இருக்கு"ன்னா. நான், "நீ பின்னாடி நின்னு பாத்துச் சொல்லு, போதும்"னேன். குழாய் மூணையும் நானே கழட்டுனேன். சாவி அப்ப ஆணியிலதான் தொங்கும். எடுத்து ஸ்டார்ட் பண்ணுனேன். தம்பி, உங்க கிட்டச் சொல்றதுக்கு என்ன, அழுகை வந்துருச்சு. எட்டு வருசம் கழிச்சுப் பெரிய வண்டி. ஒம்பதாம் நம்பருக்கு முன்னாடி கொண்டு போயி, வளைச்சு, ரிவர்ஸ் போட்டேன். பின்னாடி பாக்குறதுக்கு ஒரு கேமரா இருந்திருக்கு, பழைய வண்டில்ல, அது செத்துப் போச்சு. அவ கத்துறா, "வரலாம், வரலாம்"னு. வந்துக்கிட்டே இருக்கேன்.

இப்ப ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. நம்ம ஊர்ல ரெண்டு விசில் குடுத்தா என்ன? போலாம். ஒரு விசில்? நில்லு. விசில் இல்லாத வண்டியில பாடியத் தட்டுவாங்க. ஒரு தட்டு தட்டுனா நில்லு. ரெண்டு தட்டு தட்டுனா போலாம் ரைட். பச்சப்பிள்ளைக்கும் தெரியும்ல இது?

அந்த வெர்னன் எங்கிட்டிருந்தோ ஓடி வந்து, வண்டிப் பாடியில டம்மு டம்முன்னு ரெண்டு தட்டு தட்டுனான்.

நான் மிதிச்சுட்டேன்.

அவங்க ஊர்ல வண்டியத் தட்டுனா நில்லுன்னு அர்த்தமாம். ஒண்ணு தட்டுனாலும் நில்லு, பத்து தட்டுனாலும் நில்லு. இது என்ன நியாயம்? போலாம்னு சொல்றதுக்கு அப்புறம் என்னத்தத் தட்டுவாங்க? பின்னாடி ஒரு மர மேசை இருக்கும்ல, எல்லா எடத்துலயும் போட்டு வெச்சிருக்கானே, அந்த மேசைக்கும் வண்டிக்கும் நடுவுல அவ கால் மாட்டிக்கிச்சு. முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பும் போச்சு. பிளேட்டு வெச்சிருக்கு. இப்பக் கம்பு ஊணி நடக்குறா. படி ஏறணும்னா ஆள் பிடிக்கணும்.

அதனால ஆக்சிடென்ட்டான்னு கேட்டீங்கன்னா, இல்ல. ஆக்சிடென்ட்னா ரோட்ல நடக்கணும். இது டெப்போக்குள்ள நடந்த மாதிரி. ரெக்கார்டுல வராது. நான் மகன்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். அவன் என்னையே பாத்துக்கிட்டு நின்னான். மறுநாள் பாத்தா சாவிய ஆணியில காணோம்.

வெர்னனுக்குக் குத்தம் உறுத்துது, அதான் அடுத்த வாரமே பலகை வாங்கியாந்து, அளந்து அறுத்து, எங்க வண்டி வாசலுக்கு அகலமா ஒரு படியும் கைப்பிடியும் செஞ்சு போட்டான். ரெண்டு நாள் வேலை பாத்தான் வெயில்ல. இவ அவனுக்கு ரசம் குடுத்து விடுறா! யாரு மூலமா? என் மூலமா. நான் கொண்டு போயி அவன் வாசல்ல வெச்சுட்டு, முகத்தப் பாக்காம வந்துருவேன். கிண்ணத்தைக் கழுவித் திருப்பி வெச்சிருப்பான். முன்னெல்லாம் எங்க வண்டிக்கு வந்தா கதவைத் தட்டுவான். இப்பத் தட்டுறதில்ல. தூரமா நின்னு கையாட்டுறான். தப்பு செஞ்சவன் அப்படித்தானே நிப்பான்?

இருங்க, நின்னுருச்சா? இல்ல, இன்னும் பதினஞ்சு நிமிசம் காட்டுது.

ஜெயசீலன்னு என் கண்டக்டர். பத்தொம்பது வருசம் ஒரே வண்டியில இருந்தோம். பொண்டாட்டி முகத்தப் பாத்ததை விட அவன் முகத்தைக் கண்ணாடியில பாத்ததுதான் அதிகம். ரிட்டையர் ஆகும்போது அவன் விசிலை என் கையில குடுத்தான். இந்தா, பையிலதான் இருக்கு. ஊர்ல இருந்து வரும்போது இவ, "அதை எதுக்குக் கொண்டு வர்றீங்க"ன்னு சிரிச்சா. அந்த ஜெயசீலனுக்கு ஜூலையில போன் போட்டேன். அவனுக்குத்தான் புரியும்னு போட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். ரெண்டு தட்டுக்கு என்னடா அர்த்தம், நீயே சொல்லுன்னேன்.

எல்லாத்தையும் கேட்டுக்கிட்டான். அப்புறம், "அண்ணே, நான் ரெண்டு விசில் குடுக்குறதுக்கு முன்னாடி முன்படி பின்படி ரெண்டையும் பாத்துட்டுத்தான் குடுப்பேன். அங்க தட்டுனது யாருன்னு பாத்தீங்களா?"ன்னான். சத்தம் கேட்டுச்சுடான்னேன். "சரி, கண்ணாடியில மதினி தெரிஞ்சாங்களா?"ன்னான்.

நான் போனை வெச்சுட்டேன். அவன் திரும்பக் கூப்பிட்டான், நான் எடுக்கல. இன்னைக்கு வரைக்கும் எடுக்கல.

தெரியல தம்பி.

கண்ணாடியில அவ தெரியல. கொஞ்சம் முன்னாடி வரைக்கும் தெரிஞ்சா, அந்தப் பச்சைச் சேலை. அப்புறம் தெரியல. "வரலாம்"ங்குற சத்தமும் நின்னு போச்சு. வேர் தட்டி விழுந்திருக்கா. நான் என்ன செஞ்சேன்னா, நிறுத்திட்டேன். நல்லாக் கேட்டுக்கங்க, நான் நிறுத்திட்டேன். வண்டி நின்னுருச்சு. இறங்கிப் பாப்போமான்னு கூடத் தோணுச்சு. இறங்கிப் பாக்குறவன் என்ன டிரைவர்னும் தோணுச்சு. அந்த நேரத்துலதான் ரெண்டு தட்டு. கை கால் எல்லாம் தன்னால வேலை செஞ்சுருச்சு. முப்பத்திரெண்டு வருசம் பழகுன காலு, அது என்னைக் கேட்டா மிதிக்கும்?

அப்புறமும் நான் சீட்டை விட்டு எந்திரிக்கல. வெர்னன்தான் ஏதோ கத்தி, கைய முன்னாடி முன்னாடி ஆட்டி, வண்டிய முன்னால எடுக்க வெச்சான். அவன்தான் அவ தலையத் தூக்கி மடியில வெச்சிருந்தான். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நான் ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். டிரைவர் எறங்கிட்டா வண்டி உருண்டுரும்ல, அதான்.

அவ ஒரு வார்த்தை திட்டல தம்பி. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும், "சாப்ட்டீங்களா?"ன்னா. அவ்வளவுதான். சின்ன விசயத்துக்கெல்லாம் என்னைப் பேசுவா, நல்லெண்ணெய் கூட ஊத்திட்டேன்னு அரை மணி நேரம் பேசுவா. இதுக்கு மட்டும் ஒண்ணும் பேசல. ஒருநாள் ஒக்காந்து நல்லா வஞ்சிருந்தா, எனக்கு வலிச்சிருக்கும், அன்னைக்கே முடிஞ்சிருக்கும். மூணு மாசமாக் காத்துக்கிட்டு இருக்கேன், வைவா வைவான்னு.

போன செவ்வாக்கிழமை இதே ரூம்ல ஒக்காந்திருக்கேன். அவ சேலைய மெசின்ல போடப் போறேன். முந்தியில ஒரு முடிச்சு. வெத்தலை பாக்கா இருக்கும், இல்ல சில்லறையா இருக்கும்னு அவிழ்க்குறேன். சாவி.

மூணு மாசமா நான் எங்கெங்க தேடுனேன்! அவ இடுப்புலயே இருந்திருக்கு. காலையில சேலை மாத்தும்போது எடுக்க மறந்திருக்கா. மகன்தான் குடுத்து வெச்சிருப்பான், அவளுக்கு என்ன தெரியும் பாவம்... அப்படித்தான் நெனச்சேன். ஆனா அந்த முடிச்சு இருக்கே, அது அவ போடுற முடிச்சு. மூணு சுத்து சுத்தி நுனிய உள்ள சொருகியிருந்தா. காசு முடிஞ்சாக் கூட ஒரு சுத்துதான் சுத்துவா. யாருக்குப் பயந்து தம்பி மூணு சுத்து?

சாவியக் கையில வெச்சுக்கிட்டு இதே சேர்ல ஒக்காந்திருந்தேன். மகன் வேலைக்குப் போயாச்சு. ஜன்னல் வழியாப் பாத்தா வண்டி தெரியுது. யாரும் கேக்க ஆள் இல்ல. சேலையத் துவைச்சேன். காய வெச்சேன். சாவிய அதே முந்தியில வெச்சு, மூணு சுத்து சுத்தி, நுனியச் சொருகி, மடிச்சுக் கொண்டு போயி அவ பக்கத்துல வெச்சேன். அவ சேலைய எடுத்தா. முந்தியத் தொட்டுப் பாத்தா. என் மூஞ்சியப் பாத்தா. அப்புறம், "உளுந்து ஊறப் போட்டிருக்கேன், அரைச்சுத் தர்றீங்களா?"ன்னா. அரைச்சுக் குடுத்தேன்.

சாவிய மகன் ஒளிச்சு வெச்சிருக்கான்னுதான் இப்பவும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன். உங்ககிட்டயும் அப்படித்தானே ஆரம்பிச்சேன்? அவனும் மறுத்துச் சொல்றதில்ல. நல்ல பிள்ளை.

இந்தா நின்னுருச்சு உங்க மெசின். துணிய எடுத்துக்கங்க, சூடா இருக்கும், பாத்து. பதினோரு மணிக்குள்ள எடத்தைக் காலி பண்ணணும்ல நீங்க? மூக்கை உள்ள விட்டு நிறுத்திட்டு இப்ப ரிவர்ஸ்லதானே வெளிய வரணும்? வாங்க, நானும் வர்றேன். நான் பின்னாடி நிக்கிறேன். விசில் இருக்கு. ரெண்டு விசில் குடுத்தா வாங்க, ஒரு விசில் குடுத்தா...

வேணாம் தம்பி. விசில் வேணாம். அதைப் பையிலயே போட்டுர்றேன்.

அங்க பாருங்க, உங்க வீட்டம்மா வண்டிக்குப் பின்னாடி வந்து நிக்கிறாங்க, உங்களுக்கு வழி சொல்ல. கூப்பிடுங்க அவங்கள. மொதல்ல உள்ள ஏறச் சொல்லுங்க. பிள்ளைகளையும் உள்ள ஒக்கார வைங்க, ஒருத்தரும் கீழ நிக்கக் கூடாது. நான் மட்டும் நிக்கிறேன். நீங்க கண்ணாடியில என்னைப் பாத்துக்கிட்டே வாங்க. நான் தெரியுற வரைக்கும் வாங்க. தெரியலன்னா நிறுத்திருங்க. யாரு தட்டுனாலும், எத்தனை தட்டு தட்டுனாலும், நிறுத்திருங்க. நிறுத்திட்டு எறங்கி வந்து பாருங்க தம்பி. அதுல ஒண்ணும் கேவலம் இல்ல.

அந்தா, ஒம்பதாம் நம்பர் வாசல்ல சேர் போட்டு ஒக்காந்திருக்கா பாருங்க, அவதான். நம்மளத்தான் பாக்குறா. பாக்கட்டும்.